லயத்துக் கம்பியூட்டர்

நான் பாவிக்கும் லினக்ஸின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது ஆசைப்பட்டு அதைப் போட்டுப் பார்ப்பீர்கள், பிறகு என்னைத் திட்டுவீர்கள். லினக்ஸ் என்பது கம்பியூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும். அதில் எத்தனையோ வகை இருக்கிறது, பெரும்பாலானவை நல்லவை. என்னுடையது அந்த நல்லவற்றில் சேர்த்தியில்லை. உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருக்கிற சிலர் ஓய்வு நேரத்தில் செய்து தருகிறார்கள். புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்விடும். ஒருமுறை சத்தம் போகும், ஒருமுறை வைஃபை போகும். மூடிவைத்துத் திறந்தால் சில நாள் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிரிண்டரோடு அதற்குப் பரம்பரைப் பகை.

இவ்வளவும் தெரிந்துதான் வருடக்கணக்காக அதையே வைத்திருக்கிறேன். ஒரு மனிதர் மேல் எனக்கு ஏற்பட்ட ஆத்திரம்தான் காரணம்.

அண்ணன் கொழும்பில் ஒரு கந்தோரில் காவல் வேலை பார்த்தான். அங்கே கழித்துப் போட்ட மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, தீபாவளிக்கு ஹுன்னஸ்கிரியவுக்கு வந்தபோது எனக்குக் கொடுத்தான். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முதல் கம்பியூட்டர் அதுதான். அதைப் போட்டுவிட்டு, தண்ணீர் சுடவைத்து, தேத்தண்ணி ஊற்றி, குடித்தும் முடிக்கலாம்; அதற்குப் பிறகுதான் திரை வெளிச்சமாகும். நான் போனில் தேடிப் பார்த்து ஒவ்வொரு லினக்ஸாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பாதியில் நின்றன. இந்த ஒன்று மட்டும் எழுந்து நடந்தது. அதில்தான் தமிழ் தட்டச்சு பழகினேன், அதில்தான் அழைப்பிதழ் வடிவமைக்கப் பழகினேன். அந்தப் பழக்கத்தை வைத்து கண்டியில், கட்டுக்கலைப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அச்சக முதலாளி யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதிலேயே கண்டிக்கு வந்து தங்கிவிட்டவர். நெற்றியில் எப்போதும் திருநீறு. தொழிலில் சுத்தம். எழுத்துப் பிழை ஒன்றைக்கூட வெளியே விடமாட்டார். அவரிடம் நான் தொழில் கற்றுக்கொண்டேன் என்பதை மறுக்கமாட்டேன். அவருடைய மனைவி மத்தியானத்தில் சாப்பாடு கொண்டுவரும்போது எனக்கும் ஒரு கறி எடுத்துவைப்பார். அந்த அம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் கடைக் கம்பியூட்டர் பழுதாகிவிட்டது. திருத்துபவர் வர நாளாகும் என்றார். கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று அவசரமாகக் கிடந்தது. நான் முதலாளியிடம், "என்னோட லெப்டொப்ப கொண்டாரவா முதலாளி? அதுல செஞ்சிறலாம்" என்றேன். அவரும் சரி என்றார். அடுத்த நாள் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். நோட்டீஸைத் தட்டச்சு செய்து முடித்தேன். திரையில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

பிரிண்ட் எடுத்தபோது கொம்பெல்லாம் கழன்றுவிட்டது. 'கொடியேற்றம்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். கோயில் தர்மகர்த்தா தாளைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். கடையில் வேறும் ஆட்கள் நின்றார்கள். கல்யாணக் கார்டு பார்க்க வந்த ஒரு குடும்பம், போட்டோகொப்பி எடுக்க வந்த இரண்டு ஆசிரியைகள்.

"என்னம்மா இது? கொடி இல்லாமயே கொடியேத்தமா?" என்றார் தர்மகர்த்தா.

எல்லோரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் பரவாயில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. முதலாளி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் மடிக்கணினியைக் காட்டிச் சொன்னார்:

"லயத்துக் கம்பியூட்டர்தானே. லயத்துக்குத்தான் சரி. இனி இதை இஞ்ச கொண்டு வராதேயும்."

இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. அந்த ஆசிரியைகளில் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் எங்கே இருந்து வருகிறேன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும்.

அன்றிலிருந்து அந்தச் சொல் கடையில் ஒரு பகிடியாகிவிட்டது. மின்விசிறி நின்றால் "இதுவும் லயத்துச் சாமானோ?" என்பார். பேனா எழுதாவிட்டால் அதுவும் லயம். என்னை நேரே பார்த்துச் சொல்லமாட்டார். அவர் மனதில் அது வெறும் பகிடிதான் என்று இப்போது நினைக்கிறேன். அதனால் என் ஆத்திரம் குறைந்துவிடவில்லை. வேண்டுமென்று அடித்தவனிடமாவது, நான் அடிக்கத்தக்க ஆள் என்ற மரியாதை இருக்கும்.

கல்யாணமாகி வத்தேகமவுக்கு வந்தபோது வேலையை விட்டேன். வத்தேகமவில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட சின்னதாக ஒரு கடை போடப்போவதாகச் சொன்னேன்.

"அந்தக் கம்பியூட்டரை வச்சுக்கொண்டோ?" என்று கேட்டார் முதலாளி.

"ஆமா முதலாளி."

"போய்ப் பாரும். அதை எறிஞ்சுபோட்டு எல்லாரும் பாவிக்கிறதைப் போடும் காலம் வரும். இல்லாட்டி இஞ்ச திரும்பி வருவீர்."

பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் இரண்டு தீர்மானம் எடுத்தேன். இதை நான் ஒருநாளும் மாற்றமாட்டேன். இந்த மனிதர் ஒருநாள் தன் கையால் இதைத் தொட்டு, இதனால் பிழைக்கவேண்டும்.

பழிவாங்க நினைப்பவளுக்கு வேலை அதிகம். கொம்பு கழன்ற விஷயத்தை முதலில் எடுத்தேன். இதைச் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணையக் களத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீசில், படம் எடுத்துப் போட்டு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். ஒருவர் "கையேட்டை வாசிக்கவும்" என்று பதில் போட்டார். வாசித்தேன். கையேட்டில் தமிழ் என்ற சொல்லே இல்லை. அதையும் எழுதினேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எழுதினேன். கடைசியில் எங்கோ பனி பெய்கிற ஊரில் இருந்து ஒரு மனிதர், 'கொ' என்ற எழுத்தை எப்படிச் சேர்ப்பது என்று என்னிடமே கேட்டார். கடதாசியில் பெரிதாக எழுதி, எது முதலில் எது பின்னால் என்று எண் போட்டுப் படம் அனுப்பினேன். சில மாதங்களில் அது சரியாகிவிட்டது. இப்போது அந்த லினக்ஸில் யார் எங்கே 'கொடி' என்று அச்சடித்தாலும் கொம்பு ககரத்தோடு ஒட்டித்தான் வரும். நன்றி சொல்லவேண்டியது கட்டுக்கலை முதலாளிக்குத்தான்.

ஆனால் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைந்தது. ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் இறந்துபோய், மகன் மரண அறிவித்தல் அடிக்க வந்து நின்றார். நான் முதல் நாள்தான் புதுப்பித்திருந்தேன். பிரிண்டர் இருக்கிற இடமே அதற்குத் தெரியவில்லை. கேபிளைக் கழற்றினேன், மாட்டினேன், அணைத்தேன், போட்டேன். வீட்டில் பிணத்தை வைத்துவிட்டு வந்த மனிதரை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது? கோப்பை பென்டிரைவில் போட்டுக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினேன். முதலாளியின் கடைக்கு எதிரே இருந்த இன்னொரு கடையில்தான் அடிக்க முடிந்தது. தாள் வெளியே வந்துகொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் தன் கடை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார். அவ்வளவுதான். வத்தேகம வந்து சேரும்வரைக்கும் என் காது சூடாகவே இருந்தது.

அன்று என் கணவர் கேட்டார். அவர் தபால் கந்தோரில் வேலை, அதிகம் பேசமாட்டார். "எல்லாரும் போடுறத போட்டா என்னா? ஒனக்கும் நிம்மதி, வர்றவங்களுக்கும் நிம்மதி."

"இது எனக்குப் புடிச்சிருக்கு."

"ஒனக்கு அந்தாளு மேல கோவம். அத ஏன் கம்பியூட்டர் மேல பாசம்ங்குற?"

பிளேட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

மின்வெட்டுக் காலம் வந்தபோதுதான் எனக்கு முதல் வெற்றி. கண்டியில் பெரிய கம்பியூட்டர்கள் எல்லாம் மணிக்கணக்கில் செத்துக்கிடந்தன. என் பழைய மடிக்கணினி, பழைய பற்றரியில், கஞ்சன் வீட்டு விளக்கு மாதிரி சிக்கனமாக எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் தட்டச்சு செய்துவைப்பேன், கரண்ட் வந்ததும் அடித்துக் கொடுப்பேன். கண்டிக்குப் போய்க்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் வத்தேகமவிலேயே இறங்கத் தொடங்கினார்கள். முதலாளியின் பழைய வாடிக்கைக்காரர் ஒருவரும் வந்தார். அவருடைய கார்டை நான் மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்னால் முடித்துக் கொடுத்தேன். "அங்க முதலாளிய பாத்தா நான் கேட்டதா சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினேன்.

பிறகு, நான் காத்திருந்த நாள் வந்தது.

மழை நேரம். கடையில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு அவர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. படி ஏறியதில் மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்தில் வாசலில் ஒரு நாய் வந்து நின்றால்கூட ஏதாவது சொல்வோம். நான் "வாங்க" என்று சொல்லவில்லை. தலை நிமிராமல் தட்டச்சு செய்தேன். முன்னால் நின்றவர்களின் வேலையை ஒவ்வொன்றாக, ஆறுதலாக முடித்தேன். ஒரு அம்மாவின் அடையாள அட்டையை வழக்கத்தைவிடக் கவனமாகப் பிரதி எடுத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகுதான் கதிரையைக் காட்டினேன்.

"சுகமா இருக்கிறீரோ பிள்ளை?"

"இருக்கேன். என்ன வேணும் முதலாளி?"

விஷயத்தைச் சொன்னார். கடையில் இருக்கும் இரண்டு கம்பியூட்டரும் பழையவை. அவற்றில் இருக்கிற மென்பொருளுக்கு இனி ஆதரவு இல்லையாம். புதியது அந்தப் பழைய மெஷின்களில் ஏறாதாம். திருத்துகிற சிங்களப் பையன் பார்த்துவிட்டு "விசி கரன்ன, மாத்தயா" என்று எறிந்துவிடச் சொல்லியிருக்கிறான். இப்போது இருக்கிற விலையில் புதிய மெஷின் வாங்குவது கனவு.

"உம்மட்டை இருக்கிறது, அதைப் போடலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"எதுங்க?"

"அதுதான். நீர் வச்சிருக்கிறது."

"பேரு சொல்லுங்க."

"லினக்ஸ் எண்டுதானே சொல்லுறவை."

"இல்லீங்க முதலாளி. நீங்க வச்ச பேரு."

தகரக் கூரையில் மழை அடித்தது. அவர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அப்போதே அனுப்பியிருப்பேன். அவர் மறக்கவில்லை.

"லயத்துக் கம்பியூட்டர்" என்றார், மெதுவாக.

"சரியா கேக்கல. மழை."

"லயத்துக் கம்பியூட்டர்" என்றார் மறுபடி. வெளியே ஒதுங்கி நின்ற ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் மனம் குளிர்ந்தது. அப்படி எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டி வந்திருக்கும். "ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றேன்.

பழைய மெஷினில் ஓடக்கூடிய லினக்ஸ்கள் வேறும் உண்டு. கையில் எடுத்தவர் யாரும் சிரமமில்லாமல் பாவிக்கக்கூடியவை, பிரிண்டரைக் கண்டதும் கைகுலுக்குபவை. மற்றவர்கள் கேட்டால் நான் அவற்றைத்தான் போட்டுக் கொடுப்பேன். அவருக்கு நான் என்னுடையதைப் போட்டேன். கட்டுக்கலைக் கடையில், நான் முன்பு உட்கார்ந்த அதே மேசையில் உட்கார்ந்து, இரண்டு மெஷினிலும் போட்டேன். முதலாளியின் மனைவி தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொண்டுவந்து வைத்து, "எவ்வளவு காலம் பிள்ளை" என்று கையைப் பிடித்தார். திரையில் கொம்பெல்லாம் ஒட்டியபடி தமிழ் வந்தபோது முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"பிறகு கரைச்சல் ஏதும் வருமோ?"

"ஒன்னும் வராதுங்க" என்றேன்.

புதுப்பித்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. பிரிண்டரை எழுப்புகிற வித்தையைச் சொல்லவில்லை. மூடித் திறந்தால் வருகிற கறுப்புத் திரையைப் பற்றியும் சொல்லவில்லை. நான் வருடக்கணக்காகப் பட்ட பாடு முழுவதையும் இரண்டு மெஷினில் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டு வாய்ப்பன் சாப்பிட்டேன்.

முதல் அழைப்பு அந்த வாரமே வந்தது. "பிள்ளை, பிரிண்டர் வேலை செய்யேல்லை."

"லயத்துக் கம்பியூட்டர்தானே முதலாளி. அப்படித்தான் இருக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் அன்று பாயாசம் வைத்தேன். கணவர் என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மா என்றேன். பிறகு சத்தம் போய் ஒரு அழைப்பு, வைஃபை போய் ஒரு அழைப்பு, கல்யாணக் கார்டு பாதியில் கறுத்துப்போய் ஒரு அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொன்னேன். சில நாள் வேண்டுமென்றே போனை எடுக்காமல், மேசையில் அது நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அழைப்பு நின்றுவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம். எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கிருந்தோ கடன்பட்டுப் புதியதை வாங்கியிருப்பார். தோற்றுப்போன மாதிரி இருந்தது. அவர் கஷ்டப்படாத ஒவ்வொரு நாளும் எனக்கு நஷ்டம்.

பிறகு அந்த அம்மா போன் செய்தார். "பிள்ளை, என்னத்தைப் போட்டு விட்டனீர்? மனுசன் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்புறாரில்லை. எந்த நேரமும் அதுக்கு முன்னாலதான். ஒருக்கா வந்து பாருமன்."

போய்ப் பார்த்தேன். ஒரு இளந்தாரி வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று, "என்ன ஐயா, எந்தக் காலத்து சாமான் இது? இவ்வளவு நேரமா ஒரு பேப்பர் வரல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி கதிரையை விட்டு எழுந்தார். "தம்பி, அவசரமெண்டால் எதிர்க்கடைக்குப் போம். இதைக் குறை சொல்லப்படாது. உலகத்தில இதை நாலு சனம் மினக்கெட்டுச் செய்து சும்மா தருகுதுகள். தமிழ் எழுத்து எவ்வளவு வடிவா வருகுது பாரும். இது எங்கட கம்பியூட்டர்."

எங்கட! நான் வாசலில் அப்படியே நின்றேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நலம் விசாரிக்கவில்லை, நேரே கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வாரும், வாரும். பிரிண்டர் விஷயம் பிடிச்சிட்டன். கேபிளைக் கழட்டத் தேவையில்லை. உள்ளுக்க பிரிண்டரை ஓட்டுற இந்த ஒரு சேவையை நிப்பாட்டித் திருப்பித் தொடங்கினால் சரி. இஞ்ச பாரும்."

ஒரு வரிக் கட்டளை தட்டினார். பிரிண்டர் முனகிவிட்டுத் தாளை இழுத்தது. நான் இத்தனை வருடமாக மேசைக்குக் கீழே குனிந்து கேபிளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். இவர் உட்கார்ந்த இடத்திலேயே செய்கிறார். நான் தேடித் தேடி அலைந்த அந்த இணையக் களத்தில் இவர் இப்போது ஒவ்வொரு நாளும் ஏதோ கேட்கிறாராம். "கையேட்டை வாசிக்கவும்" என்று சொன்ன ஆளோடு சண்டை பிடித்து, அந்த ஆளையே மன்னிப்புக் கேட்க வைத்தாராம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தண்டனையாகக் கொடுத்ததை அவர் பரிசாக எடுத்துக்கொண்டார். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான், அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப இப்ப மாத்தலாமே, இனி யாருக்காக வச்சிருக்கிற?" என்று கேட்டார்.

"மாத்துனா அந்தாளு மட்டுந்தானே வச்சிருப்பாரு!" என்றேன்.

முதலாளியின் அந்த ஒரு வரி வித்தையை என் கடையிலும் பாவிக்கிறேன். நன்றி சொல்லவில்லை. பிரிண்டர் எழும்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். கண்டி சுற்றுவட்டாரத்தில் இதைப் பாவிப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன், மூன்றாவது ஆளை இதுவரை நான் கண்டதில்லை. அதனால் போனில் பேசிக்கொள்கிறோம். என்ன உடைந்தது, எப்படிச் சரியானது, அவ்வளவுதான் பேச்சு. பழைய கதையை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அவர் குரலில் இப்போது ஒரு மரியாதை இருக்கிறது. அது எனக்குக் கேட்கிறது. கேட்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

போன வாரம் புதுப்பிப்பு ஒன்று வந்தது. நான் காலையிலேயே போட்டுவிட்டேன். சத்தம் போய், வைஃபை போய், தமிழ் விசைப்பலகையும் போய், எல்லாவற்றையும் திருத்தி எழுப்புவதற்குள் பாதி நாள் போய்விட்டது. தலை வலித்தது. கடையை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் அழைத்தார்.

"பிள்ளை, புதுசு வந்திருக்காம். நாளைக்குக் கல்யாணக் கார்டு ரெண்டு குடுக்கக் கிடக்கு. நீர் போட்டுப் பாத்தனீரோ? போடலாமோ?"

"போட்டேன் முதலாளி" என்றேன். "அருமையா இருக்கு. இப்பவே போடுங்க."

போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனேன்.